இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 66ஆம் பிரிவு பெண்களைப் பற்றியது. காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் எந்தப் பெண்ணையும் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. மாநில அரசு விரும்பினால் இந்த எல்லையைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தலாம். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையிலான நேரத்தைத் தொடக் கூடாது.

அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது. மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளிலும் மூலப்பொருள் கெட்டுப்போகாமல் காக்க வேண்டுமென்றால், பெண்களை அந்த நேரத்துக்கு அப்பாலும் வேலைக்கு வைத்துக்கொள்ள அரசு விதி செய்யலாம்.

பெண் இரவில் வெளியே இருந்தால் கெட்டுப்போவாள் என்று அஞ்சிய சட்டம், மீன் கெட்டுப்போகும் என்றதும் அந்த அச்சத்தை ஓரமாக வைத்துவிட்டது.

நாம் பாலைக் 'கெட்டுப்போனது' என்கிறோம், மீனைச் சொல்கிறோம், பெண்ணையும் சொல்கிறோம். ஆணைக் 'கெட்டுப்போனவன்' என்றால் குடி, சீட்டு, கடன் என்று கேட்பவர் மனத்தில் பல காரணங்கள் ஓடும். 'கெட்டுப்போனவள்' என்றால் ஒரே காரணம்தான் ஓடும். அந்த ஒரு காரணத்தை அளக்க நம் சமூகம் பயன்படுத்திய கருவிகளில் எளிமையானது கடிகாரம். எத்தனை மணிக்கு வந்தாள், யாருடன் வந்தாள், ஏன் இவ்வளவு நேரம். இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு சங்கப் பாடல்களில் தொடங்கி, தொழிற்சாலைச் சட்டத்தின் வழியாக வந்து, இன்று பூந்தமல்லிச் சாலையில் ஓடும் கம்பெனிப் பேருந்துகளில் பயணம் செய்கிறது.

அலரும் இற்செறிப்பும்

அகத்திணை இலக்கணம் காதலர் சந்திக்கும் இடத்தைப் பகற்குறி, இரவுக்குறி என்று பிரிக்கிறது. பகற்குறி ஊருக்கு வெளியே, தினைப்புனத்தருகே, சோலையில் அமையலாம். இரவுக்குறியோ வீட்டை ஒட்டியே அமைய வேண்டும். வீட்டில் உள்ளவர்களின் பேச்சுக் குரல் கேட்கும் தொலைவைத் தாண்டக் கூடாது. தலைவன் மலைவழியில், இருட்டில், மழையில் நடந்து வரலாம். தலைவிக்கு இரவு என்பது கொல்லைப்புறம் வரைதான்.

இரவின் ஆபத்தும் இருவருக்கும் ஒன்றல்ல. அவனுக்கு யானை, புலி, பாம்பு, பெருகிவரும் காட்டாறு. அவளுக்கு அயல்வீட்டுப் பெண்களின் வாய். இந்த வாய்ப்பேச்சுக்கு இலக்கணத்தில் இரண்டு பெயர் உண்டு. அரும்பு போல முணுமுணுப்பாக இருக்கும்போது அம்பல்; ஊரறிய மலர்ந்துவிட்டால் அலர். அலர் எழுந்தால் அடுத்து வருவது இற்செறிப்பு, அதாவது பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைப்பது. தப்பிதம் என்று ஒன்று நடந்ததா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. பேச்சு எழுந்தது, அதுவே தீர்ப்பு. பேச்சுக்குக் காரணமான இருவரில் ஒருத்தி மட்டுமே உள்ளே போகிறாள்.

இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது மாணவிகளுக்கு உரையாசிரியர் தேவைப்படுவதில்லை. "ஹாஸ்டல் மாதிரிங்களா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். அதைவிடச் சரியான உரையை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் பழைய இலக்கியம் முழுக்க ஒரே குரலில் பேசவில்லை. காதலனைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டவளாக மரபு நினைவில் வைத்திருக்கும் வெள்ளிவீதியை, ஔவையார் தம் அகநானூற்றுப் பாடலொன்றில் பெயர் சொல்லி உவமையாக்குகிறார். வீட்டை விட்டுப் போனவள் என்ற பழிச்சொல் அங்கே இல்லை. ஒரு பெண் கவி இன்னொரு பெண் கவியின் நடையைத் தன் தலைவிக்கு எடுத்துக்கொள்கிறாள். மதுரைக்காஞ்சி இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று பெயர் சொல்லி, மதுரையின் இரவை யாமம் யாமமாக விவரிக்கிறது. அந்த நகரம் இரவில் விழித்திருந்தது.

வள்ளுவர் காவலிட்டுப் பெண்ணைக் காப்பதால் என்ன பயன் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், அந்தக் காவலை அவள் மனத்துக்குள்ளேயே குடிவைத்தார். வெளிக் காவலைவிட உள் காவல் செலவு குறைந்தது, எந்நேரமும் விழித்திருப்பது. ஏழு மணி ஆனதும் யாரும் சொல்லாமலே நம் கால்கள் வேகமெடுக்கின்றனவே, அது அந்தக் காவல்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருத்தியை வீட்டுக்குள் அடைக்க வேண்டுமானால் முதலில் அடைப்பதற்கு ஒரு வீடு வேண்டும், அவள் கூலி இல்லாமல் அந்த வீடு நடக்க வேண்டும். களத்துமேட்டில் இரவெல்லாம் போரடித்த பெண்ணை, விடியுமுன் நாற்றங்காலில் இறங்கிய பெண்ணை, ஊர் உறங்கும் நேரத்தில் தெரு கூட்டும் பெண்ணை யாரும் உள்ளே போ என்று சொன்னதில்லை. மேல்சாதி வீட்டுப் பெண்ணின் இரவு காக்கப்பட வேண்டிய சொத்தாக இருந்தது. தலித் பெண்ணின் இரவு வாங்கப்படும் உழைப்பாக இருந்தது. 'பெண்' என்று பொதுவாகப் பேசும் காவல் விதிகள் எல்லாம் இந்த வேறுபாட்டின் மேல்தான் எழுதப்பட்டன.

சட்டமாக மாறிய அலர்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அது குழந்தைகளைப் பற்றியது. 1891இல் திருத்தி எழுதிய சட்டம் பெண்களின் வேலையை ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்குள் வரையறுத்தது. இதில் இரக்கம் இருந்தது. இந்திய ஆலைகளின் மலிவுக் கூலியோடு போட்டி போட முடியாத லங்காஷயர் முதலாளிகளின் வற்புறுத்தலும் இருந்தது.

1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, பெண்களின் இரவு வேலையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1921இல் அதை ஒப்புக்கொண்டது. அந்த உடன்படிக்கையின் விலக்குகளைப் படித்தால் பெண்ணைப் பற்றிய அக்காலப் பார்வை முழுக்கத் தெரிந்துவிடும். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் என்றால் இரவு வேலை கூடும். ஒரே குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் இடமென்றாலும் கூடும். அப்பனுக்கோ கணவனுக்கோ கீழே இரவெல்லாம் உழைத்தால் அவள் உடல் நோகாது, மானம் குறையாது என்று பொருள். 1948இல் இந்த உடன்படிக்கையைத் திருத்தியபோது, நிர்வாகப் பொறுப்பில் உள்ள பெண்களும், உடலுழைப்பு அல்லாத சுகாதாரப் பணியில் உள்ள பெண்களும் விலக்குப் பெற்றார்கள்.

சுதந்திர இந்தியாவின் சட்டங்கள் இதே வழியில் நடந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்களுக்கு இரவு 7 மணி எல்லையை வைத்தது; மருத்துவச்சிக்கும் செவிலிக்கும் அது பொருந்தாது என்றும் சொன்னது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஆலைக்கு அதே எல்லையை வைத்தது. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து நள்ளிரவு வரை பீடி சுற்றும் பெண்ணின் கடிகாரத்தை அது பார்க்கவில்லை.

ஆக, சட்டம் அஞ்சியது இரவைக் கண்டு அல்ல. நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்ணுக்கு இரவு ஆபத்தில்லை. வீட்டுக்குள் உழைக்கும் பெண்ணுக்கு ஆபத்தில்லை. மீன் அறுக்கும் பெண்ணுக்கும் ஆபத்தில்லை. தன் சம்பளத்துக்காக, குடும்பத்தானல்லாத ஆண்களோடு, இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு மட்டுமே இரவு ஆபத்து. இது பாதுகாப்பின் கணக்கு அல்ல. அலரின் கணக்கு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தத் தடையைத் தொழிற்சங்கப் பெண்களில் பலரும் ஆதரித்தார்களே, இரவு வேலை உடலைக் கெடுக்கத்தானே செய்யும்? உண்மை. பகலில் வீட்டு வேலை எவர் தோளுக்கும் மாறாத நிலையில், இரவு ஷிப்ட் முடித்து வருபவள் உறங்குவதற்கு இடமில்லை. அடுப்பும் குழந்தையும் காத்திருக்கும். ஆனால் இரவு வேலை உடலுக்குத் தீது என்றால் அது ஆணின் உடலுக்கும் தீதுதான். இந்த எளிய உண்மை உலகச் சட்டத்துக்கு எட்ட 1990 ஆனது. அந்த ஆண்டின் இரவு வேலை உடன்படிக்கைதான் ஆண், பெண் என்று பிரிக்காமல் இரவில் உழைக்கும் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை, ஓய்வு, ஈட்டுத்தொகை என்று பேசியது.

அம்பத்தூரின் பகல் ஷிப்ட்

சென்னைக்கு மேற்கே தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தது இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான். அம்பத்தூரில் சைக்கிள் ஆலை, டன்லப் டயர் ஆலை; ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை; 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஏறக்குறைய 1,400 ஏக்கரில் விரிந்த அந்தப் பேட்டை, ஆசியாவின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு அதே ஆவடிச் சுற்றுவட்டாரத்தில் எழுந்த ஆலைகளின் வாசலில் அந்தச் சமத்துவம் பெண்ணுக்கு எட்டவில்லை. காரணங்கள் பல, கடிகாரமும் அவற்றில் ஒன்று.

மூன்று ஷிப்ட் ஓடும் இயந்திரத்தில் ஆட்களைச் சுழற்சி முறையில் போடுவார்கள். முதல் வாரம் பகல், அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு. இந்தச் சுழற்சியில் நிற்க முடியாதவரை அந்த இயந்திரத்துக்குப் பழக்க மாட்டார்கள். பழக்காதவருக்குத் திறன் இல்லை. திறன் இல்லாதவர் ஹெல்பர். ஹெல்பரின் சம்பளம் ஹெல்பரின் சம்பளம்தான். இரவுப் படி கிடையாது, மிகைநேரக் கூலி கிடையாது. பெண்களுக்குப் பேக்கிங், சோதித்துப் பிரித்தல், கழிவு நூல் வெட்டுதல். பிறகு, 'பெண்களுக்குப் பொறுமை அதிகம், அதனால் இந்த வேலை பொருந்தும்' என்ற விளக்கம் வரும். முதலில் கதவை மூடினார்கள். பிறகு, உள்ளே இருப்பவளின் இயல்பே உள்ளே இருப்பதுதான் என்றார்கள்.

இதே மேற்குப் புறநகரில்தான் திருவேற்காட்டுக் கருமாரியும் மாங்காட்டுக் காமாட்சியும் இருக்கிறார்கள். ஆடி மாதத்தில் விடியுமுன் இருட்டிலேயே குடும்பத்தோடு நடக்கும் பெண்களை எவரும் மறித்துக் கேட்பதில்லை. சிவராத்திரிக்குக் கண் விழிக்கிறோம், வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் நிற்கிறோம். சாமிக்காகக் கண் விழித்தால் புண்ணியம். சம்பளத்துக்காகக் கண் விழித்தால் கேள்வி. பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு இறங்கும் பெண்ணைப் பார்க்கும் கண்களும், பூந்தமல்லியில் நள்ளிரவுத் தீமிதியில் அதே பெண்ணைப் பார்க்கும் கண்களும் ஒன்றுதான். இரவும் ஒன்றுதான். மாறுவது அவள் யாருக்காக வெளியே வந்தாள் என்பது மட்டுமே.

2000 டிசம்பர்

'வசந்தா எதிர் இந்திய ஒன்றியம்' என்று அறியப்படும் வழக்கில், 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 66ஆம் பிரிவின் இரவுத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவைத்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலைவாய்ப்பை மறுப்பது சமத்துவம் பேசும் 14, 15, 16ஆம் உறுப்புகளுக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். வெறுமனே கதவைத் திறந்துவிட்டுப் போகவும் இல்லை. இரவு ஷிப்டில் பெண்களைக் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாக வைக்க வேண்டும், வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட வேண்டும், ஓய்வறை, மருத்துவ வசதி, பாலியல் தொல்லைக்கு எதிரான ஏற்பாடு இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்தது.

இதை நான் நல்ல தீர்ப்பு என்றே கருதுகிறேன். பெண்ணைக் காப்பதற்காகப் பெண்ணைத் தடுப்பது என்ற பழைய தர்க்கத்தை அது உடைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றமும் அனுஜ் கர்க் வழக்கில் இதே திசையில் வந்தது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை ரத்து செய்து, பாதுகாப்பு தர வேண்டியது அரசின் கடமை, அதற்குப் பதிலாகப் பெண்ணின் உரிமையைச் சுருக்கக் கூடாது என்றது.

ஆனால் கதவைத் தட்டியவர்கள் யார் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். இரவு வேலை பெண்களின் கோரிக்கையாக மட்டும் எழவில்லை. பஞ்சாலைகளின் தேவையாகவும் இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' பரவியதும் இந்தக் காலத்தில்தான். பதின்ம வயதுப் பெண் மூன்று ஆண்டு ஆலையில் தங்கி உழைத்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை. அதில் தாலிக்குத் தங்கம் வாங்கலாம். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி, வாசலில் காவலாளி, வெளியே போக அனுமதிச் சீட்டு, இரவிலும் ஷிப்ட். சட்டம் பெண்ணுக்கு இரவைத் திறந்தபோது ஆலை அந்த இரவை வாங்கிக்கொண்டது. அவள் பகலைப் பூட்டி வைத்தது. பெற்றோருக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. 'பொண்ணு பத்திரமா இருக்கு.' இற்செறிப்புக்கு இப்போது சம்பளச் சீட்டும் வந்துவிட்டது.

பூந்தமல்லி விடுதி

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தி தொடங்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அம்பத்தூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும், திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கம்பெனிப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் சென்றன. பின்னிரவில் சாலை முனையில் அடையாள அட்டையோடு நிற்கும் பெண்கள் ஊர்களின் புதிய காட்சி ஆனார்கள். முதலில் பேச்சு எழுந்தது. பிறகு வீட்டுக்கு மிக்ஸி வந்தது, தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் வந்தது, பேச்சு தணிந்தது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டபோது அந்தப் பேருந்துகள் நின்றன. வேலை இழந்தவர்களை வீடுகள் அழைத்துக்கொண்டன, பெரும்பாலும் மாப்பிள்ளை பார்ப்பதற்காக.

அடுத்த அலையில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலை வளர்ந்தது. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் ஒப்பந்தக்காரர்கள் நடத்திய விடுதிகளில் தங்கினார்கள். 2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லி அருகே இருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கான பெண்கள் நோயுற்றார்கள்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூடவே தங்கியிருந்த தோழிகளுக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி செல்போன்களில் பரவியது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல யாரும் முன்வராத இடத்தில்தான் பொய் பரவும்.

டிசம்பர் 17 இரவு, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மார்கழி முதல் வாரக் குளிர். லாரிகள் வரிசையாக நின்றன. மறுநாளும் மறியல் நீடித்தது. பேச்சுவார்த்தைக்கு அதிகாரிகள் வந்தார்கள். போலீஸ் பலரைப் பிடித்து வைத்தது. தரையில் பாய் விரித்து நெருக்கியடித்துப் படுக்கும் அறைகள், தண்ணீர் வராத கழிப்பறைகள் என்று விடுதிகளின் நிலை உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

அந்த இரவை நான் தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் ஒரு முக்கியமான இரவாக எண்ணுகிறேன். காரணம் எளிது. இரவில் பெண் வெளியே வர எத்தனையோ அனுமதிகள் இருக்கின்றன: கோயிலுக்காக, நோயாளிக்காக, கெட்டுப்போகும் சரக்குக்காக, ஏற்றுமதிக்கான காலக்கெடுவுக்காக. அன்று அவர்கள் யாருடைய அனுமதியோடும் வரவில்லை. தங்களுக்காகவும் தங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்காகவும் வந்தார்கள். உடனே பழைய கேள்வியும் புதிய வடிவில் வந்தது. 'இந்தப் பெண்களைத் தூண்டிவிட்டது யார்?' ஒருத்தி தானாக வீட்டை விட்டுப் போனால், இழுத்துக்கொண்டு போனவன் யார் என்று ஊர் கேட்குமே, அதே கேள்வி. கெட்டுப்போன சோற்றைப் பற்றிப் பேச வந்தவர்களிடம், உங்களைக் கெடுத்தது யார் என்று கேட்டார்கள்.

மெட்டியும் தாலியும்

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்பது அதன் சாரம். ஆள் எடுக்கும் ஏஜென்சிகளில் வேலை செய்தவர்கள் சொன்ன காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு, கூடவே உலோக நகை. தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல் ஆகலாம். புதிதாகச் சேர்ந்தவர்களில் கால் பங்கினர் திருமணமான பெண்கள்தாம், பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனத் தரப்பு மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

அந்தச் செய்தியில் இன்னொரு தகவல் இருந்தது. உற்பத்தி உச்சத்தில் இருந்து ஆள் பற்றாக்குறை வந்தால், இந்த விதி தளர்த்தப்படுமாம். 1948ஆம் ஆண்டு மீன் இங்கே மீண்டும் துள்ளுகிறது.

பஞ்சாலை, தாலி வாங்கப் பணம் தருகிறேன் என்று சொல்லிக் கல்யாணமாகாதவளை எடுத்தது. செல்போன் ஆலையில், தாலி கட்டிவிட்டால் உனக்கு இங்கே இடமில்லை என்ற நிலை வந்ததாகச் செய்தி. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்று. கல்யாணத்துக்கு முன் அவள் உழைப்பு ஆலைக்கு. பின்பு அவள் உழைப்பு வீட்டுக்கு. இரண்டுக்கும் நடுவே அவளுக்கென்று ஒரு காலம் இல்லை. முன்பு ஊர் ஏழு மணியைக் காட்டி அவளை அளந்தது. இப்போது நேர்காணல் மேசை அவள் கழுத்தையும் கால் விரலையும் பார்த்து அளக்கிறது. திறமையைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. மறியல் செய்த பெண்களின் இரவுக்கு ஒரு பதில் என்று அதைக் கொள்ளலாம். சுத்தமான அறையும் தண்ணீரும் அவர்கள் போராடிப் பெற்றவை, யாரும் போட்ட பிச்சை அல்ல. ஆனால் ஒரு விடுதியின் தரத்தை அளக்கும்போது ஓடும் தண்ணீரோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வாசல் கதவு எந்தப் பக்கமிருந்து பூட்டப்படுகிறது? ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போய் இரவுக் காட்சி முடிந்து வர முடியுமா? சங்கத்தில் சேர்ந்து ஒரு கூட்டத்துக்குப் போய் வர முடியுமா? வேலைக்காக இரவில் போகலாம், விருப்பத்துக்காக மாலையில் போகக் கூடாது என்றால், அந்த வளாகம் எத்தனை கோடியில் எழுந்திருந்தாலும் இற்செறிப்புதான்.

யாருடைய இரவு

1977 நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பெண்கள் தீப்பந்தம் ஏந்தி இரவில் தெருவில் நடந்தார்கள். பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த ஒருவனைப் பிடிக்க முடியாத போலீஸ், பெண்கள் இரவில் வெளியே வர வேண்டாம் என்று அறிவுரை சொன்னதற்கு அது மறுமொழி. கொல்பவனுக்கு ஊரடங்கு இல்லை, கொல்லப்படுபவளுக்கு ஊரடங்கா என்பதுதான் அவர்கள் கேட்டது.

கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். செவிலிக்கும் மருத்துவச்சிக்கும் இரவு ஆபத்தில்லை என்று விலக்கு எழுதிய பழைய சட்டங்களை அப்போது நினைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் வங்கப் பெண்கள் தெருவை நிறைத்தார்கள். மாநில அரசு எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, கூடுமானவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்ப்பது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது, பாதுகாப்புத் தருவதுதான் அரசின் வேலை என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் சொன்னதை 2024இல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது என்பதே, இந்தப் பார்வை எவ்வளவு ஆழத்தில் வேரோடியிருக்கிறது என்பதற்குச் சான்று.

நமக்கும் சொந்த இரவுகள் உண்டு. 2014 பிப்ரவரியில் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து இரவில் வேலை முடித்துக் கிளம்பிய இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்டபோது, தெருவிளக்கில்லாத சாலையைப் பற்றி எழுந்த கேள்விகளுக்குச் சமமாக, அவள் ஏன் தனியாக நடந்தாள் என்ற கேள்வியும் எழுந்தது.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பெண்ணின் சம்மதத்தோடு இரவு 7 மணிக்குப் பிறகும் வேலைக்கு வைக்கலாம் என்கின்றன. சம்மதம் நல்ல சொல். ஆனால் சம்மதம் என்பது மறுக்க முடிகிறவளுக்கு மட்டுமே பொருள் தரும். ஒப்பந்தத் தொழிலாளியாக, வெளியூர்க்காரியாக, விடுதியில் இடமும் வேலையும் ஒரே கையில் இருப்பவளாக நிற்கும் பெண், இரவு ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளும் வேலையில் இருக்க முடியுமா? அவளுக்குச் சங்கம் இல்லாத இடத்தில் சம்மதம் என்பது படிவத்தில் ஒரு கையெழுத்து.

எனவே, பெண்கள் இரவில் வேலை செய்யலாமா என்ற கேள்வியை விட்டுவிடலாம். அவர்கள் எப்போதும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கோயம்பேட்டுக்கு விடியுமுன் பூ வாங்க மினி வேனில் போகும் பெண்ணும், நகரச் சாலைகளை இரவில் கூட்டும் பெண்ணும், நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் செவிலியும் அதற்குச் சாட்சி. கேட்க வேண்டியவை வேறு. பட்டரவாக்கத்திலிருந்து தொழிற்பேட்டைக்குள் போகும் சாலையில் எத்தனை விளக்கு எரிகிறது? இரவு பதினோரு மணிக்கு மேல் ஆவடி, பூந்தமல்லிப் பேருந்துகள் எத்தனை? பேருந்து நிலையத்தில் திறந்திருக்கும் கழிப்பறை உண்டா? இரவு ஷிப்ட் தாய்க்குக் குழந்தைக் காப்பகம் உண்டா? அவள் பகலில் உறங்கும்போது சோறு வடிப்பது யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசும் ஆலையும் அல்ல. அது வீட்டில் இருக்கும் ஆண்களுக்கானது.

அம்பலும் அலரும் வாயில் பிறப்பவை. சங்கப் பாடல்களில் அந்த வாய்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. பேருந்திலிருந்து பின்னிரவில் இறங்கி வரும் ஒருத்தியை நம் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது, மணி என்ன என்று நம்மில் பலருக்குக் கண் தானாகக் கடிகாரத்தின் பக்கம் போகிறது. அந்தப் பார்வையை நிறுத்த எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டால் போதும்.